அறுபத்தோரு மேல்வெட்டு

சூடெல்லாம் தாங்கும் மேடம், நீங்க ஊத்துங்க. இந்தக் கை பார்க்காத சூடா. மெழுகுக்குள்ள எத்தனை நிமிஷம் வச்சிருக்கணும்? இருபதா. சரி, இருபது நிமிஷத்துல முழுக் கதையும் சொல்லி முடிச்சிருவேன். கேட்டுக்கிட்டே அந்த சர்டிபிகேட்டை மட்டும் எழுதிட்டீங்கன்னா நல்லாருக்கும். இன்னிக்குச் சாயங்காலம் ஆறு மணிக்குள்ள எனக்கு அது வேணும். இப்பவே அஞ்சு பத்து ஆயிருச்சு.

லீவுக்கு இல்ல மேடம். லீவு சர்டிபிகேட்னா தெருவுக்கு நாலு பேரு குடுப்பாங்க, அதுக்கு ஏன் நான் பிசியோதெரபி பண்ற உங்ககிட்ட வர்றேன். இது வேற. ‘மேற்படி செல்லப்பாண்டி என்பவருடைய வலது கை, அவருக்குத் தெரியாமலும் அவர் விருப்பத்துக்கு மாறாகவும் தானாகவே மேல்நோக்கிப் போயிருக்கிறது.’ இவ்வளவுதான். வேணும்னா நானே சொல்லச் சொல்ல நீங்க எழுதுங்க. கையெழுத்துப் போட்டு ஒரு சீல் வச்சாப் போதும். சீலை இந்தப் பக்கம் தள்ளுனா இடது கையால நானே குத்திக்கிறேன், அது என் தொழில்.

ஆமா, லாரி புக்கிங் ஆபீஸ்ல இருக்கேன். ஒரு பில்லுக்கு மூணு காப்பி, மூணுக்கும் சீல். ஒரு நாளைக்கு ஆயிரம் குத்தாவது விழும். பதினாறு வருஷமாக் குத்துறேன். கை வலின்னு சொன்னதும் எல்லாரும் சீல் குத்தித்தான் வந்துச்சும்பாங்க. இல்ல மேடம். இது கிட்டாரால வந்த வலி. கிட்டாருன்னதும் கல்யாண வீட்டுக் கச்சேரியில ஓரமா ஒருத்தர் பளபளன்னு சட்டையை மாட்டிக்கிட்டு நிப்பாரே, அந்தக் கிட்டாருன்னு நினைச்சுராதீங்க. நான் ஹெவி மெட்டல்.

கேள்விப்பட்டதில்லையா. பரவாயில்ல, காதைப் பொளக்குற இரைச்சலோட வாசிக்கிற வெளிநாட்டு இசை. மதுரையில தெரிஞ்சவங்க மொத்தம் ஒரு நாப்பது பேரு இருப்போம், அதுல முப்பது பேரு என்கூடப் பேச மாட்டாய்ங்க.

சுருக்கமாச் சொல்றேன். கம்பியைத் தட்டுறதுக்கு ஒரு சின்ன பிளாஸ்டிக் சில்லு இருக்கும், பிக்கும்பாங்க. அதை வச்சு மேல இருந்து கீழயும் அடிக்கலாம், கீழ இருந்து மேலயும் அடிக்கலாம். ரெண்டு பக்கமும் மாத்தி மாத்தி அடிச்சா வேகம் சுளுவா வந்துரும், கையும் நோகாது. கீழ் நோக்கி மட்டும் அடிச்சா ஒவ்வொரு அடியும் ஒரே கனமா விழும். ஒண்ணுக்கொண்ணு துளி வித்தியாசம் இருக்காது. ஆனா கை செத்துரும். டவுன் பிக்கிங்ம்பாங்க, எங்க சட்டதிட்டத்துல நான் அதைக் கீழ்வெட்டுன்னு எழுதியிருக்கேன். மத்தது மேல்வெட்டு.

அதோட இன்னொண்ணு இருக்கு, பாம் மியூட்டிங். வலது கையில சுண்டுவிரல் பக்கத்து ஓரத்தைக் கம்பி முடியிற இடத்துல வச்சுக்கிட்டே அடிக்கணும். அப்படி வச்சா கம்பி ஜிங்குன்னு இழுக்காது. ஜுக், ஜுக், ஜுக்குன்னு வயித்துக்குள்ள எறங்கும். பிள்ளைக்குக் காய்ச்சலான்னு நெத்தியில கை வச்சுப் பார்ப்போம்ல, அந்த அளவு வச்சாப் போதும்ணேன்னு துளசிராம் சொல்லுவான். துளசிராம் எங்க ரெண்டாவது கிட்டார். நான் அப்படி வைக்க மாட்டேன். அமுக்கித்தான் வைப்பேன். ஒரு வேலைன்னா ஒரு அழுத்தம் வேணாமா மேடம்?

எட்டு மாசம் சாதகம் பண்ணுனேன். போன்ல மெட்ரோனோம்னு ஒண்ணு இருக்கு, டிக் டிக்னு தாளம் போடும். நூறுல ஆரம்பிச்சேன். வாரத்துக்கு ரெண்டு மூணுன்னு ஏத்தி ஏத்தி நூத்தித் தொண்ணூறுக்குக் கொண்டு வந்துட்டேன். நிமிஷத்துக்கு நூத்தித் தொண்ணூறு டிக்கு, ஒவ்வொரு டிக்குக்கும் ரெண்டு கீழ்வெட்டு. ஆபீஸ்லயும் ஒரு காதுல டிக் ஓடிக்கிட்டே இருக்கும், அதுக்குத் தகுந்த மாதிரி சீல் குத்துவேன். பில்லுல இங்க் எங்க விழுதுன்னு பார்க்க மாட்டேன், தாளம் தப்புதா இல்லையான்னு மட்டும் பார்ப்பேன். மேனேஜர் ரெண்டு தடவை கூப்பிட்டுக் கேட்டாரு, சரக்கு தேனிக்குப் போகுதா திண்டுக்கல்லுக்குப் போகுதான்னே படிக்க முடியலையேய்யான்னு. அவருக்கு என்ன தெரியும்.

வீட்டுல ஆம்ப்ளிஃபயர் போட முடியாது. என் வீட்டுக்காரி மங்கையர்க்கரசி கணக்கு டீச்சர், சாயங்காலமானா பேப்பர் திருத்துவா. அதனால எட்டு மாசமும் ஒயர் சொருகாமலே வாசிச்சேன். எலக்ட்ரிக் கிட்டாரு, ஒயர் இல்லன்னா கொசு ரீங்காரம் அளவுக்குத்தான் கேக்கும். அதையும் கையை வச்சு அமுக்கிட்டா ஒண்ணுமே கேக்காது. கேக்கணுமேன்னு இன்னும் ஓங்கி அடிப்பேன். ஓங்கி அடிச்சா கம்பி உதறும், அதை அடக்க இன்னும் அமுக்குவேன். நீங்க இப்ப உதட்டைப் பிதுக்குறீங்க பாருங்க, அதே மாதிரிதான் துளசியும் பிதுக்குவான். ஒயரைச் சொருகிட்டா லேசாத் தொட்டாலே போதும்ணே, பலமே வேணாம், கட்டுப்பாடுதான் வேணும்பான். கட்டுப்பாட்டைப் பத்தி அவன் எனக்குச் சொல்றான். நான் எழுதுன விதிகள்ல முதல் விதியே கட்டுப்பாட்டைப் பத்தித்தான்.

ஆமா மேடம், விதிகள் இருக்கு. மொத்தம் பதினேழு. பேண்டுன்னா நாலு பேரு சேர்ந்து கத்துறதுன்னு நினைச்சீங்களா? எங்க அப்பா ஒரு கட்சியில வட்டச் செயலாளரா இருந்தாரு. அந்தக் கட்சி நாலாப் பிரிஞ்சுச்சு, நாலுலயும் வட்டச் செயலாளரா இருந்தாரு. அமைப்புன்னா என்னன்னு நான் சின்ன வயசுலருந்தே பார்த்தவன். அதனால பேண்டு ஆரம்பிச்ச அன்னிக்கே பொறுப்பு பிரிச்சுட்டேன். நான் பொதுச்செயலாளர். துளசிராம் துணைப் பொதுச்செயலாளர். பேஸ் கிட்டாரும் பாட்டும் அன்வர்தீன், அவன் கொள்கை பரப்பு. டிரம்ஸ் பிரிட்டோ, அவன்தான் பொதுக்குழு. ஏன்னா ஆளுக்கொரு பொறுப்பு குடுத்தது போக, பொறுப்பில்லாம ஒருத்தனாவது இருந்தாத்தானே பொதுக்குழுன்னு கூட்ட முடியும்.

பேண்டு பேரு ‘பிரேதப் பரிசோதனை’. நான் வச்சதுதான்.

முதல் விதி, இந்தக் குழுவில் கீழ்வெட்டு மட்டுமே அனுமதிக்கப்படும். ரெண்டாவது விதி, முதல் விதி பற்றி விவாதம் கூடாது. மிச்சம் பதினஞ்சும் இந்த ரெண்டு விதியை மீறுனா என்ன பண்ணணும்ங்கிறது.

ஆடி மாசம் எங்களுக்கு ஒரு இடம் கெடைச்சுச்சு. துளசியோட சித்தப்பா ஒரு கல்யாண மண்டபத்துல மேனேஜர். ஆடியில கல்யாணம் கிடையாது, மண்டபம் காத்தாடும். பந்தி ஹால்ல வாசிச்சுக்கங்கன்னு விட்டுட்டாரு. ஆவணி முதல் வாரம் ஒரு இன்ஜினியரிங் காலேஜ் விழாவுல எங்களுக்கு மேடை. எங்க முதல் மேடை மேடம். அந்த மேடைக்காகத்தான் முப்பது நாளும் சாயங்காலம் சாயங்காலம் போனோம். அந்த முப்பது நாள்லதான் நான் ஒழுங்கு நடவடிக்கை எல்லாம் எடுக்க வேண்டி வந்துச்சு.

ஒரு நாள் துளசி வாசிக்கிறதைப் பார்க்கிறேன். நல்லாத்தான் வாசிக்கிறான். முகத்துல வேர்வையே இல்ல. எனக்குச் சந்தேகம் வந்துருச்சு. கீழ்வெட்டு வெட்டுறவன் எப்படி வேர்க்காம இருப்பான்? போன்ல ஸ்லோ மோஷன் இருக்குல்ல, அதுல எடுத்தேன். வீட்டுல போய் ஓட்டிப் பார்த்தா, மூணாவது பாட்டுல மூணு மேல்வெட்டு. பளிச்சுன்னு தெரியுது. மறுநாள் எல்லாரையும் உக்கார வச்சுப் போட்டுக் காட்டுனேன். அவன் மறுக்கவே இல்ல. “ஆமாண்ணே, அந்த எடத்துல கை நோகுச்சு, மூணு மேல அடிச்சேன், கேக்க நல்லாத்தானே இருந்துச்சு”ங்கிறான். நல்லா இருந்ததுதான் மேடம். அதுவா பிரச்சனை?

நீக்கலாம்னுதான் பார்த்தேன். மண்டபம் அவன் சித்தப்பாவோடது. அதனால தற்காலிக நீக்கம். அதாவது மேடையில நிக்கலாம், வாசிக்கலாம், தலையை ஆட்டலாம். ஒயர் மட்டும் சொருகக் கூடாது. பாவம், ஆடி முழுக்க அப்படியே வந்து ஒயர் இல்லாம வாசிச்சுட்டுப் போனான். அந்த விஷயத்துல அவனைக் குறை சொல்ல மாட்டேன்.

அடுத்து அன்வர். அவன் பேஸ் கம்பியை விரலால சுண்டுறவன். நீங்களே சொல்லுங்க, விரலால சுண்டும்போது விரல் எந்தப் பக்கம் இழுக்குது? உள்பக்கமா, மேல. அப்ப பொறந்ததுலருந்து இவன் மேல்வெட்டுத்தான் வெட்டிக்கிட்டு இருக்கான். விளக்கம் கேட்டு நோட்டீஸ் குடுத்தேன். ஒரு வாரம் என்கூடப் பேசல. அப்பறம் ஒரு பிக்கு வாங்கிட்டு வந்து மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டு வாசிச்சான். முன்ன மாதிரி இல்லதான். ஆனா விதிப்படி இருந்துச்சு.

பிரிட்டோதான் எதுத்துப் பேசுனவன். “அண்ணே, டிரம்ஸ் குச்சி மேல போகாமக் கீழ எப்படிண்ணே வரும்? உங்க கையும்தான் ஒவ்வொரு தடவையும் மேல போகுது”ன்னான். நான் சொன்னேன், போகும்டா, ஆனா கம்பியைத் தொடாமப் போகும், தொடாமப் போறதுக்குப் பேருதான் ஒழுக்கம். அவன் குச்சியைக் கீழ வச்சான். அப்பறம், “டீ குடிக்கப் போறேன்ணே, ரெண்டாவது விதிப்படி இதுக்கு மேல பேசக் கூடாதுல்ல”ன்னுட்டுப் போயிட்டான். நல்ல பையன். எட்டு வருஷப் பழக்கம். என் கல்யாணத்துக்கு மூணு நாள் முன்னாடியே வந்து நின்னு வேலை பார்த்தவன்.

கை அப்ப வலிக்கலையான்னு கேட்டா, வலிச்சுச்சு. ஆடி பாதியிலயே முழங்கைக்குக் கீழ கல்லு மாதிரி ஆயிரும். தட்டுல சோத்தைப் பிசைய முடியாது. மங்கை ஒரு நாள் கேட்டா, “இப்படி நோக நோக எதுக்கு இதை வாசிக்கிறீங்க, அந்தப் பையன் நோகாமத்தான வாசிக்கிறான்”னு. இதை எல்லாம் பொம்பளைங்களுக்குப் புரிய வைக்க முடியாதுன்னுட்டேன். உங்களைச் சொல்லல மேடம், நீங்க படிச்சவங்க. அவளும் எம்.எஸ்சி.தான்.

சரி, மேடைக்கு வருவோம். அந்தக் காலேஜ்ல நோட்டீஸ் அடிச்சிருந்தாங்க. நாலு மணிக்குக் கோலப் போட்டி பரிசளிப்பு. அஞ்சு மணிக்கு முதல்வர் உரை. அஞ்சரைக்குப் பிரேதப் பரிசோதனை. ரெண்டு பேரண்ட்ஸ் வந்து பிரின்ஸ்பால்கிட்ட விசாரிச்சுட்டுப் போனாங்களாம். எண்ணூறு பேரு உக்காந்திருக்காங்க, எல்லாரும் குனிஞ்சு போனைப் பார்க்கிறாங்க. மங்கை முன் வரிசையில. என் கையை மட்டும் ஸ்லோ மோஷன்ல எடும்மான்னு நான்தான் சொல்லி உக்கார வச்சிருந்தேன். பின்னாடி வர்றவங்களுக்குப் பாடமா இருக்கட்டும்னு.

மொதப் பாட்டு போச்சு. ரெண்டாவது பாட்டுலயே கை எரிய ஆரம்பிச்சிருச்சு. மூணாவது பாட்டு நூத்தித் தொண்ணூறு. ஆரம்பிச்ச ஒரு நிமிஷம் ஜுக் ஜுக்குன்னு சரியாத்தான் விழுந்துச்சு. அதுக்கப்பறம் என்ன ஆச்சுன்னு எனக்கே தெரியல. கொஞ்ச நேரம் எப்படியோ ஓடுச்சு. திடீர்னு கை பூட்டிக்கிச்சு. விரலு விரியல. பிக்கு கீழ விழுந்துருச்சு. வலி தாங்காம கையை அப்படியே தலைக்கு மேல தூக்கிட்டேன். தூக்குன கை எறங்கல.

எண்ணூறு பேரும் நிமிந்து பார்த்தாங்க மேடம். நான் கையைத் தூக்கி நிக்கிறதைப் பார்த்து எண்ணூறு பேரும் கையைத் தூக்குனாங்க. ஓன்னு ஒரே சத்தம். அந்த நேரம் பார்த்து எனக்குப் பின்னாடி இருந்த ஆம்ப்ளிஃபயர்ல டப்புன்னு ஒரு வெடி. திரும்புனா, துளசி ஒயரைச் சொருகிட்டான். தற்காலிக நீக்கத்துல இருக்கிறவன், யாரையும் கேக்காம, நடு மேடையில, நடுப் பாட்டுல. நான் விட்ட எடத்துலருந்து எடுத்தான். மேல கீழ மேல கீழன்னு வெட்டுறான். ஒளிவு மறைவே இல்ல. அன்வர் பிக்கைத் தூக்கி வீசிட்டு விரலால சுண்ட ஆரம்பிச்சுட்டான். பிரிட்டோ சிரிச்சுக்கிட்டே அடிக்கிறான். பிள்ளைங்க நாற்காலி மேல ஏறி ஆடுதுங்க. பிரின்ஸ்பால் கூட ஒரு காலை ஆட்டுனாரு. இன்னொரு பாட்டு இன்னொரு பாட்டுன்னு கத்தி, அதே பாட்டை ரெண்டாந்தடவை வாசிக்க வச்சாங்க. நான் கையைத் தூக்குனபடியே நின்னேன்.

திரும்பி வர்ற வேன்ல மூணு பேருக்கும் தலைகால் புரியல. “அண்ணே, நீங்க கையைத் தூக்குனீங்க பாருங்க, அங்க திரும்புச்சுண்ணே கூட்டம்”னு துளசி என் முழங்கையைப் பிடிச்சு நீவி விடுறான். நான் அவன்கிட்டச் சொன்னேன், நாளைக்குக் காலையில பத்து மணிக்குள்ள விளக்கம் எழுதிக் குடுத்துருன்னு. துளசி கையை எடுத்துக்கிட்டான். வாடிப்பட்டியிலருந்து மதுரை வரைக்கும் மூணு பேரும் ஜன்னலைப் பார்த்துக்கிட்டே வந்தாய்ங்க.

மறுநாள் வீடியோவைப் போட்டுப் பார்க்கிறேன். துளசி மேல குற்றப் பத்திரிகை எழுதணும்ல, ஆதாரம் வேணுமே. மங்கை எடுத்ததுல துளசியே இல்ல மேடம். நான் சொன்னபடி என் கையை மட்டும் எடுத்திருக்கா. மூணாவது பாட்டு, ஒரு நிமிஷம் தாண்டுனதும், கை பூட்டுறதுக்குக் கொஞ்சம் முன்னாடி, பார்க்கிறேன், கை கீழ போகுது, கம்பியைத் தொடுது, மேல வருது. மறுபடி தொடுது.

போனை வச்சுட்டேன். அப்பறம் எடுத்து மறுபடி பார்த்தேன். மங்கை பக்கத்துல வந்து உக்காந்து, சிவப்புப் பேனாவை எடுத்து ஒரு தாள்ல நாலு கோடு, குறுக்கே ஒரு கோடுன்னு போட்டு எண்ணுனா. அறுபத்தொண்ணு. இன்னொரு தடவை எண்ணச் சொன்னேன். அறுபத்தொண்ணுதான். அவ கூட்டுனா தப்பே வராது, அதுதான் எனக்குப் பிரச்சனை. துளசி மூணு, நான் அறுபத்தொண்ணு. இந்தாங்க, இடது கையால போட்டுக் காட்டுறேன், நீங்களே பாருங்க.

மறைச்சிருக்கலாம். போன் என்னோடதுதான், அழிச்சுட்டு விட்டிருக்கலாம். நான் அப்படிப்பட்டவன் இல்ல. குரூப்புல போட்டுட்டேன். அவய்ங்க என்ன சொல்லணும்? “பொதுச்செயலாளரே, பதில் சொல்லுங்க”ன்னு கேட்டிருந்தா நான் சந்தோஷப்பட்டிருப்பேன். பிரிட்டோ என்ன போடுறான் தெரியுமா? “அண்ணே, சூப்பரா வாசிச்சிருக்கீங்க. விதியைத் தூக்கிருவோம். இனிமே ஞாயித்துக்கிழமைதோறும் நாலு மணிக்கு மண்டபம் காலியாத்தான் இருக்கும், வந்துருங்க.” துளசி ஒரு சிரிக்கிற பொம்மையைப் போடுறான். அன்வர், “கை எப்படிண்ணே இருக்கு?”ங்கிறான். ஒருத்தனுக்காவது விதியைப் பத்திக் கவலை இருந்துச்சாங்கிறேன்.

அப்பத்தான் நானே தீர்மானம் எழுதுனேன். ‘விதி ஒன்றை அறுபத்தோரு முறை மீறி, குழுவின் கண்ணியத்துக்குக் களங்கம் விளைவித்த காரணத்தால், செல்லப்பாண்டி அவர்கள் அடிப்படை உறுப்பினர் பொறுப்பு உட்பட அனைத்துப் பொறுப்புகளிலிருந்தும் நிரந்தரமாக நீக்கப்படுகிறார்.’ கீழ மூணு பேரு கையெழுத்துக்கு எடம் விட்டுக் குரூப்புல போட்டேன். இல்லன்னா, என் கை தானாத்தான் போச்சுன்னு மருத்துவச் சான்று குடுக்கிறேன், அதை ஏத்துக்கிட்டுத் தீர்மானத்தை ரத்து பண்ணுங்க. ரெண்டுல ஒண்ணு. பத்து நாளாக் கெஞ்சுறாய்ங்க. “போட மாட்டோம்ணே, நீங்க இல்லாம எப்படிண்ணே”ன்னு. இன்னிக்குக் காலையில கடைசியா ஒண்ணு அனுப்பிச்சேன். ஆறு மணிக்குள்ள ரெண்டும் நடக்கலன்னா குழுவையே கலைச்சுருவேன், தீபாவளிக்கு அப்பறம் ஒத்துக்கிட்ட மேடையையும் நானே போன் பண்ணி நிறுத்திருவேன்னு.

போட மாட்டாய்ங்க மேடம். எனக்குத் தெரியும். என் மேல உசிரையே வச்சிருக்காய்ங்க. அதனாலதான் நான் சர்டிபிகேட்டுக்கு ஓடி வந்தேன். நீங்க ரெண்டு வரி எழுதுனா நாளைக்கு ஞாயித்துக்கிழமை, நாலு மணிக்கு நான் பழையபடி மண்டபத்துல போய் நிப்பேன். இல்லன்னா என் பேச்சுப்படி நானே குழுவைக் கலைக்கணும். சொன்ன சொல்லு மாற முடியாதுல்ல.

என்ன மேடம்? எழுத முடியாதா? ஏன்?

பூட்டிக்கிட்டது உண்மைன்னு எழுதுவீங்க. சரி. மேல போனது தானாப் போனதுன்னு எழுத மாட்டீங்க. ஏன்? தானாத் துடிக்கிற கை தாளத்துல துடிக்காதா. ஒண்ணு முந்தும், ஒண்ணு பிந்தும். நான் காட்டுன வீடியோவுல எல்லாம் ஒரே சீரா இருக்கு. அதனால தெரிஞ்சுதான் அடிச்சிருக்கேங்கிறீங்க.

சீராத்தான் இருக்கும். என் கை தாளம் தப்பாது மேடம். வேற யாரு கையா இருந்தாலும் தப்பியிருக்கும். எட்டு மாசம் சாதகம் பண்ணுன கை.

அது இல்ல நீங்க கேக்குறது, புரியுது.

சரி. ஒண்ணு சொல்றேன், மங்கைகிட்டக் கூடச் சொல்லல. அந்த அறுபத்தொண்ணும் வலிக்கவே இல்ல மேடம். இருபது செகண்டு இருக்குமா, அவ்வளவுதான். கை காத்துல போற மாதிரி போச்சு. அமுக்கணும்னு தோணல. காதுல டிக் கேக்கல, பிரிட்டோ அடிக்கிறது மட்டும் கேட்டுச்சு. பக்கத்துல துளசி ஒயர் இல்லாம வாசிக்கிறானே, அவன் கையும் என் கையும் ஒண்ணாப் போய்க்கிட்டு இருந்துச்சு. நான் அவனைப் பார்த்தேன். அவன் என்னைப் பார்த்துச் சிரிச்சான். நானும் சிரிச்சேன்னு நினைக்கிறேன். அவ்வளவு சந்தோஷமா நான் எட்டு மாசத்துல ஒரு நாளும் வாசிக்கல. அப்பத்தான் எனக்குப் பயம் வந்துச்சு. கையை இறுக்கிக் கீழ்வெட்டுக்குத் திருப்புனேன். திருப்புன உடனே பூட்டிக்கிச்சு.

இதை நீங்க எழுதிராதீங்க. இது சர்டிபிகேட்டுல வந்தா நான் தொலைஞ்சேன்.

பயிற்சியா? மெழுகை எடுத்ததும் செய்யணுமா. சொல்லுங்க. மணிக்கட்டை மேஜை ஓரத்துல வச்சு, கையை மெதுவா மேல தூக்கணும். மேலயா? எத்தனை தடவை? ஒரு நாளைக்கு முப்பது. முப்பதும் மேலதானா? கீழ் நோக்கிச் செய்ற மாதிரி வேற பயிற்சி ஏதாவது இருந்தாக் குடுங்களேன். இல்லையா. கீழ போற தசை எல்லாம் முறுக்கேறிக் கெடக்கு, மேல தூக்குறதுதான் செத்துக் கெடக்கா. அதை எழுப்பாட்டி இந்தக் கையால டம்ளர் கூடத் தூக்க முடியாதா. சரி. டம்ளர் தூக்கணும்ல.

செய்றேன் மேடம். வீட்டுல கதவைச் சாத்திக்கிட்டு செய்றேன்.

போன் அடிக்குது. இல்ல, கால் இல்ல, மெசேஜுதான். கையில மெழுகு இருக்கு, போன் உங்க பக்கம் கெடக்கு, நீங்களே கொஞ்சம் எடுத்துப் பாருங்களேன். பூட்டெல்லாம் கிடையாது, தேய்ச்சாத் திறந்துரும். குரூப்பா? கெஞ்சியிருப்பாய்ங்க, படிங்க. சிரிப்பா இருக்கும்.

தீர்மானத்தைத் திருப்பி அனுப்பியிருக்காய்ங்களா.

கீழ கையெழுத்து இருக்கா? யாரோடது? துளசிராம். சரி. அவன் போடுவான், ஒயர்க் கோவம் இருக்கும். அப்பறம்? அன்வர். நோட்டீஸ் குடுத்தேன்ல, அவனும் போடுவான். மூணாவது எடம் காலியா இருக்கும், பாருங்க.

பிரிட்டோவா?

நல்லாப் பாருங்க மேடம், அவன் கையெழுத்து கோழி கிண்டுன மாதிரி இருக்கும். பெருசாக்கிப் பாருங்க. பிரிட்டோதானா. கீழ ஏதோ எழுதியிருக்கானா? படிங்க.

“அண்ணே, குழுவைக் கலைச்சுராதீங்க. நீங்க சொன்னபடி போட்டுட்டோம்.”

சரி.

இல்ல, சரியாத்தான் பண்ணியிருக்காய்ங்க. விதிப்படிதான் போட்டிருக்காய்ங்க. மூணு பேரும் ஒருமனதா, ஆறு மணிக்கு முன்னாடியே போட்டுட்டாய்ங்க பாருங்க. ரெண்டு வருஷமா நான் சொல்லிச் சொல்லி வராத கட்டுப்பாடு இன்னிக்கு வந்துருச்சு. நான் வளர்த்த பசங்க மேடம்.

இல்ல இல்ல, மெழுகு சுடல. கண்ணுல ஏதோ பட்டுருச்சு, அவ்வளவுதான். துண்டு வேணாம், இடது கை சும்மாத்தானே இருக்கு.

சர்டிபிகேட் வேணாம் மேடம். அந்தப் பேப்பரை விட்டுருங்க. பயிற்சிக்கு மறுபடி எப்ப வரணும்? திங்கக்கிழமையா. நாளைக்கு ஞாயித்துக்கிழமை திறந்திருக்க மாட்டீங்களா? சாயங்காலம் நாலு மணிக்கு ஒரு அரை மணி நேரம் வந்து உக்காந்துட்டுப் போறேனே. பயிற்சி கூட வேணாம், சும்மா உக்காந்திருக்கேன். நாலு மணிக்கு வீட்டுல இருந்தா, ஏன் மண்டபத்துக்குப் போகலன்னு மங்கை கேப்பா.